தேயாத துத்தநாகம், தேறாத ஆய்வு

சென்ற மாதம் பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் என் ஆய்வின் சுருக்கத்தை முன்வைத்தேன். பாய்மரப் படகுகளின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் தியாக நேர்மின்முனைகள் எந்த நீரில் எவ்வாறு தேய்கின்றன, எந்த நீருக்கு எந்த உலோகம் ஏற்றது என்பது பொருள். உரை முடிந்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, "இது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன பிரச்சினை, இதில் புதுமை எங்கே?" என்று கேட்டார். அவையில் சிறு சிரிப்பலை எழுந்தது. தேநீர் இடைவேளையில் அவரே அருகில் வந்து, உண்மையான பரிவோடு, "ஏதாவது ஓர் இலைச்சாற்றை எடுத்து அரிப்புத் தடுப்பானாகச் சோதித்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் இரண்டு கட்டுரை வந்துவிடும். உங்கள் காலமும் வீணாகாது" என்றார்.

அவருடைய பரிவை நான் ஐயுறவில்லை. அந்த அறிவுரையைத்தான் ஐயுறுகிறேன். அவையில் பதில் சொல்ல நா எழவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். பதிவு நீண்டது. மின்வேதியியல் அறியாத நண்பர்களும் பின்தொடரக்கூடிய வகையில் எழுத முயன்றிருக்கிறேன். துறை சார்ந்தவர்கள் முதல் பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

1. பொருள் என்ன?

இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் மூழ்கியிருந்தால், அது ஒரு மின்கலம். எலக்ட்ரானை எளிதில் இழக்கும் உலோகம் கரையும், மற்றது காக்கப்படும். பாய்மரப் படகுக்குக் காற்றே உந்துவிசை என்றாலும், துறைக்குள் நுழையவும் காற்று ஓய்ந்த நேரத்தில் நகரவும் அதற்குள் ஒரு சிறு எந்திரம் இருக்கிறது. எந்திரத்தின் சுழல்தண்டு துருப்பிடிக்கா எஃகு, உந்தி வெண்கலம், படகின் அடியில் தொங்கி அதை நிமிர்த்தி வைக்கும் கனத்த ஏரா பல படகுகளில் வார்ப்பிரும்பு. படகின் உடல் கண்ணாடி இழையால் ஆனதாகவே இருக்கட்டும். நீருக்குள் இருக்கும் உலோகங்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்க இவ்வளவே போதும்.

இவற்றுள் எது கரைய வேண்டும் என்ற முடிவைக் கடலிடம் விடாமல், எல்லாவற்றையும்விட எளிதில் கரையக்கூடிய ஓர் உலோகத்துண்டை நாமே அவற்றோடு இணைத்துவிடுகிறோம். அது கரையும் வரை மற்றவை கரையா. அது தீர்ந்ததும் புதியதை மாற்றுகிறோம். படகுத்துறைகளில் இதன் பெயரே 'ஜிங்க்'. அலுமினியத்தால் செய்ததைக் கையில் கொடுத்தாலும் அதற்கும் 'ஜிங்க்' என்றே பெயர். பெயரிலேயே உலோகத்தை முடிவு செய்துவிட்ட ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் என் ஆய்வு பேசுகிறது.

2. தீர்ந்ததாகச் சொல்லப்படும் பிரச்சினை

பேராசிரியர் குறிப்பிட்ட இருநூறு ஆண்டுகளை அவருடைய சொல்லிலேயே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் போர்க்கப்பல்களுக்கு மரப்புழுவிடமிருந்து காப்பாகச் செம்புத்தகடு வேய்ந்திருந்தார்கள். அந்தச் செம்பு கடல்நீரில் விரைவாகக் கரைந்தது. காரணமும் தீர்வும் காணும்படி ஹம்ப்ரி டேவி கேட்டுக்கொள்ளப்பட்டார். 1824இல் அவர் தன் முடிவை ராயல் சொசைட்டி முன் வைத்தார்: சிறிதளவு துத்தநாகத்தையோ இரும்பையோ செம்போடு இணைத்தால் செம்பு கரையாது. முதலில் சோதிக்கப்பட்ட கப்பல்களுள் ஒன்று 'சேமராங்'. அது 1822இல் நம் கொச்சியில் நீரில் இறக்கப்பட்ட கப்பல். தியாக நேர்மின்முனையின் வரலாறு நம் கரையில் கட்டிய ஒரு கப்பலின் வயிற்றில் தொடங்குகிறது என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. அது வேறு கதை.

டேவியின் ஆய்வுக்கூட முடிவு முற்றிலும் சரி. செம்பு காக்கப்பட்டது. ஆனால் கடலில் நடந்தது வேறு. கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை பாசியையும் கடற்சிப்பிகளையும் கப்பலின் அடியில் அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு கரைவது நின்றதும் அவை குடியேறின. காக்கப்பட்ட கப்பல்கள் வேகம் இழந்தன. சில ஆண்டுகளுக்குள் கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது.

டேவி செம்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்குச் சரியான விடை கண்டார். கப்பலைப் பற்றிய கேள்வி அவருடைய கண்ணாடிக் குவளைக்குள் இல்லவே இல்லை. அவரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அவருக்கு முன்னால் அந்தப் பாதையில் எவரும் நடந்ததில்லை. அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அந்த வரலாறு அச்சேறிக் கிடக்க, அதே குவளையைக் கையில் வைத்துக்கொண்டு 'தீர்ந்துவிட்டது' என்று சொல்பவர்களைத்தான் குறைசொல்கிறேன்.

3. ஒரு வருடமாகத் தேயாத 'ஜிங்க்'

சோழமண்டலக் கரையில் ஓர் ஆற்று முகத்துவாரம். பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தன் கண்ணாடி இழைப் பாய்மரப் படகைக் கரையேற்றி, அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுழல்தண்டில் இறுக்கியிருந்த துத்தநாகத்தைக் காட்டி, "பாருங்க தம்பி, மாட்டி ஒரு வருசம் ஆச்சு. கொஞ்சங்கூடத் தேயல. சரக்கு அப்படி!" என்றார். உண்மைதான். மேலே சுண்ணாம்பு பூசியதுபோல வெண்மையான கெட்டி ஓடு படிந்திருந்தது. அதன் கீழே வார்ப்பின் விளிம்புகள்கூட மழுங்கவில்லை.

நான் உந்தியைத் தட்டிப் பார்த்தேன். நல்ல வெண்கலம் மணிபோல ஒலிக்கும். இது மண்சட்டிபோல ஒலித்தது. சுரண்டிய இடத்தில் மஞ்சள் நிறம் போய்ச் செம்பின் இளஞ்சிவப்பு தெரிந்தது. மாங்கனீசு வெண்கலம் என்ற பெயரில் விற்கப்படும் உந்திகள் உண்மையில் பித்தளை வகை. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு துத்தநாகம். வெளியே காவலுக்கு வைத்த துத்தநாகம் கரையவில்லை; உந்தியின் உடலுக்குள் இருந்த துத்தநாகம் கரைந்துவிட்டது. எஞ்சியது செம்பின் பஞ்சுக்கூடு. அப்படிப்பட்ட இதழ் ஒன்று நடுக்கடலில் முறிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தேயாத நேர்மின்முனை தரமான நேர்மின்முனை அன்று. அது வேலை செய்யாத நேர்மின்முனை. தேய்வதே அதன் வேலை. இந்த ஒரு வாக்கியத்தை அந்தப் பெரியவருக்கு எவரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

ஏன் தேயவில்லை? அந்த முகத்துவாரத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் நிரம்பி நிற்கும். உப்புக் குறைந்த நீரில் துத்தநாகத்தின் மேல் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் கலந்த ஓடு கட்டுகிறது. பின்னர் கடல்நீர் உள்ளே வந்தாலும் அந்த ஓடு எளிதில் விலகுவதில்லை. மழைக்காலத்தில் உறங்கிய காவலாளி கோடையிலும் விழிப்பதில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, ஃப்ரிமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். நாம் அனைவரும் பெருமிதம் கொண்ட பயணம் அது. ஆனால் அரிப்பியல் கண்ணோடு பாருங்கள்: குளிர், வெப்பம், அலை எல்லாம் மாறினாலும், திறந்த பெருங்கடலின் உப்பு ஏறத்தாழ மாறாதது; ஒரு கிலோ நீருக்கு 35 கிராம் அளவிலேயே நிற்கும். முகத்துவாரத்தில் கட்டிக்கிடக்கும் சிறு படகோ, இருந்த இடத்தை விட்டு அசையாமலே ஓராண்டுக்குள் நன்னீர், உவர்நீர், கடல்நீர் மூன்றையும் கண்டுவிடுகிறது. பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: மழைக்குப் பின் ஏறத்தாழ நன்னீராகும் பகுதிகளில் கோடையின் உச்சத்தில் கடலையும் விஞ்சும் உப்பு நிற்கும். வேதியியலின்படி உலகைச் சுற்றிய படகைவிடக் கடினமான வாழ்க்கை இந்தச் சிறு படகுக்குத்தான்.

4. மூன்று உலோகங்கள், மூன்று கணக்குகள்

துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம். கடையில் கிடைப்பவை இவை மூன்றே. எண்களை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஒரு கிலோ துத்தநாகக் கலவை தரும் மின்னூட்டம் ஏறத்தாழ 780 ஆம்பியர்-மணி. அலுமினியக் கலவை ஏறத்தாழ 2,500. மெக்னீசியம் 1,100 முதல் 1,200 வரை. அதன் ஆற்றலில் பாதி, மின்னோட்டமாகாமல் ஹைட்ரஜன் குமிழிகளாக வீணாகிறது. ஒரு படகில் ஆண்டு முழுவதும் 50 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு 438 ஆம்பியர்-மணி. இதற்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட துத்தநாகம் வேண்டும். அலுமினியமாக இருந்தால் 175 கிராம் போதும். ஒரே அச்சில் வார்த்த இரு துண்டுகளை ஒப்பிட்டால், அலுமினியத் துண்டின் எடை துத்தநாகத் துண்டின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு; ஆயினும் அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான மின்னூட்டம் தரும்.

மின்னழுத்தம் அடுத்தது. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையை அளவுகோலாகக் கொண்டால், கடல்நீரில் துத்தநாகம் −1.05 வோல்ட் அளவில் நிற்கிறது. அலுமினியக் கலவை −1.1 அளவில், மெக்னீசியம் −1.5 அளவில். எஃகு காக்கப்பட −0.80ஐ எட்டினால் போதும். ஆகவே கடலில் முதலிரண்டும் போதுமானவை, மெக்னீசியம் மிகை. அது விரைவில் கரைந்து தீர்வதோடு, எதிர்மின்முனையில் காரத்தைப் பெருக்கி வண்ணப்பூச்சை உரிக்கும். அலுமினிய உடலுள்ள படகில் அந்தக் காரம் உடலையே அரிக்கும். ஆனால் ஏரியிலும் ஆற்றிலும் நிலைமை தலைகீழ். நன்னீரின் மின்தடை கடல்நீரைப் போல நூறு மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். அந்தத் தடையைத் தாண்டி மின்னோட்டத்தைத் தள்ள மெக்னீசியத்தின் உயர்ந்த அழுத்தம் வேண்டும். கடலில் ஊதாரியாக இருப்பது ஏரியில் ஒரே துணையாகிறது.

நன்னீரும் கடல்நீரும் மாறி மாறி வரும் முகத்துவாரத்துக்கு, துத்தநாகமும் இண்டியமும் கலந்த அலுமினியமே இன்றுள்ளவற்றுள் ஏற்றது. தூய அலுமினியம் பயன்படாது. தன்மேல் தானே ஆக்சைடு போர்த்திக்கொண்டு உறங்கிவிடும். நூற்றில் சில நூறில் ஒரு பங்கு அளவே சேர்க்கப்படும் இண்டியம்தான் அந்தப் போர்வையை ஓயாமல் கிழித்துக்கொண்டிருக்கிறது. முன்பு இதே வேலைக்குப் பாதரசம் சேர்த்தார்கள். அதன் நஞ்சை உணர்ந்து விட்டுவிட்டார்கள். துத்தநாகத்தின் கதையிலும் நஞ்சு உண்டு: கடல்நீருக்கான வழக்கமான துத்தநாகக் கலவையில் சிறிதளவு காட்மியம் சேர்க்கப்படுகிறது. துண்டு கரையும்போது அதுவும் நீரில் சேர்கிறது. திறந்த கடலில் அது ஒரு பொருட்டன்று. நூறு படகுகள் நெருங்கி நிற்கும் அடைபட்ட துறையில், மீனும் நண்டும் பிடிக்கப்படும் கழிமுகத்தில், அதைப் பொருட்டன்று என்று எந்த அளவீட்டின் பேரில் சொல்வோம்?

தரமும் உண்டு. துத்தநாகத்தில் இரும்புக் கலப்பு 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தரவரையறை. தாண்டினால் கடல்நீரிலும் அது ஓடு கட்டி உறங்கும். பழைய இரும்புச் சட்டியில் உருக்கி வார்த்த மலிவுத் துண்டுக்கும் முறையாக வார்த்த துண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஏதுமில்லை. வாங்குபவர் கையில் தராசும் இல்லை, தகவலும் இல்லை, கடைக்காரரின் வாய்ச்சொல்தான்.

அலுமினியமே எங்கும் தீர்வு என்று சொல்ல வரவில்லை. அது மற்றொரு மூடநம்பிக்கையாகிவிடும். மரப்படகில் எந்த உலோகமாக இருந்தாலும் அளவுக்கு மீறிக் கட்டினால், வெண்கலப் பொருத்துகளைச் சுற்றி உருவாகும் காரம் மரத்தின் நாரையே பிரித்துவிடும். உலோகம் பளபளக்கும், அதைப் பிடித்திருக்கும் பலகை நைந்துபோகும். உலகுக்குக் 'கட்டுமரம்' என்ற சொல்லைக் கொடுத்த நம் கரையோர மக்கள் மரத்தைக் கயிற்றால் கட்டினார்கள். மசூலாப் படகின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். ஆணி இல்லை, ஆகவே இந்தப் பிரச்சினையும் இல்லை. உலோகத்தை உள்ளே அழைத்த பின் அதற்கான கணக்கையும் அழைத்தாக வேண்டும்.

5. குவளைக்குள் இருக்கும் கடல்

இனி என் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நம் பல்கலைக்கழகங்களில் அரிப்பியல் ஆய்வு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இரண்டு குவளைகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்றில் ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றொன்றில் 3.5 சதவீத உப்புக்கரைசல். முதல் குவளையில் வேம்பு, நெல்லி, முருங்கை, துளசி, செம்பருத்தி, கறிவேப்பிலை என நம் கொல்லையில் உள்ள எல்லா இலைகளின் சாறும் ஊற்றப்பட்டுவிட்டது. மென்எஃகுத் துண்டு சில மணிநேரம் கிடக்கும், தடுப்புத்திறன் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் வரும், கட்டுரை வெளியாகும். அடுத்த மாணவருக்கு அடுத்த இலை.

நியாயமாகப் பேச வேண்டும். ஆலைகளில் எஃகை அமிலத்தால் கழுவும்போது தடுப்பான்கள் உண்மையிலேயே தேவை; நச்சற்ற தடுப்பானைத் தேடுவது நல்ல நோக்கம். என் சினம் இலைகள்மேல் இல்லை. அந்தக் குவளையை விட்டு அந்தச் சாறு வெளியே வந்ததா, எந்த ஆலையின் தொட்டிக்குப் போனது என்ற கேள்வியை நாம் யாரும் யாரிடமும் கேட்பதில்லை என்பதே என் சினம்.

இரண்டாம் குவளை என் துறைக்கு நெருக்கமானது. 3.5 சதவீத உப்புக்கரைசலைக் கடல் என்று எழுதுகிறோம். அது கடல் அன்று. சோற்றில் போடும் உப்பும் நீரும். கடலில் மெக்னீசியம் உண்டு, கால்சியம் உண்டு, சல்பேட் உண்டு, பைகார்பனேட் உண்டு. உலோகம் காக்கப்படும்போது அதன் மேற்பரப்பில் காரத்தன்மை ஏறும். உடனே கடல்நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சுண்ணப்படிவாக அங்கே படியும். அந்தப் படிவு ஒரு போர்வை. அது விரிய விரியத் தேவைப்படும் மின்னோட்டம் குறையும். நேர்மின்முனையின் தேய்வும் குறையும். வெறும் உப்புக்கரைசலில் இந்தப் போர்வை ஒருபோதும் உருவாகாது. உயிரிப்படலம் வளராது. சேற்றில் வாழும் சல்பேட் ஒடுக்கும் நுண்ணுயிர்கள் வாரா. மழை பெய்யாது. பக்கத்துப் படகு, கரைமின் இணைப்பின் நிலக்கம்பி வழியாக நம் படகின் துண்டைத் தின்னாது. இருபத்து நான்கு மணிநேரச் சோதனையிலிருந்து ஓராண்டுத் தேய்வைக் கணித்துச் சொல்லும்போது நாம் கடலைப் பற்றிப் பேசவில்லை. குவளையைப் பற்றிப் பேசுகிறோம். ஒப்பீட்டுக்கு அந்தக் குவளை பயன்படும். ஆயுளைக் கணிக்க அது பயன்படாது.

இதை அறியாதவர்கள் நம்மிடையே இல்லை. காரைக்குடியில் கடல் இல்லை. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அந்த வறண்ட மண்ணில்தான் எழுந்தது. கடல் ஆய்வுக்கூடத்துக்கு வராது என்பதை அங்கிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே உலோகத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே ஒரு சோதனை நிலையம் அமைத்து, உப்புக்காற்றிலும் கடல்நீரிலும் உலோகங்களைக் கிடத்தினார்கள். அந்த மரபு நம்முடையது. அதை விட்டுவிட்டுக் குவளைக்குத் திரும்பியதற்குப் புதுமை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

6. வரக்கூடிய மறுப்புகள்

"களத்தில் மாறிகள் கட்டுக்குள் இருக்காது, முடிவை மறுபடி நிகழ்த்திக் காட்ட இயலாது." வலுவான மறுப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாறிகள்தான் இங்கே ஆய்வுப்பொருள். உப்பளவு மாறுவதைத் தொல்லை என்று விலக்கிவிட்டால், நேர்மின்முனை ஏன் உறங்கியது என்ற கேள்வியும் அதோடு விலகிவிடும். பத்துப் படகுகள், இரண்டு பருவங்கள், மூன்று உலோகங்கள் என்று திட்டமிட்டால் புள்ளியியல் தன் வேலையைச் செய்யும். வேளாண் அறிவியலாளர்கள் வானம் கட்டுக்குள் இல்லை என்பதற்காக வயலை விட்டு ஓடிவிடவில்லை.

"பாய்மரப் படகு செல்வர்களின் பொழுதுபோக்கு, அதற்கு ஏன் பொதுப்பணம்?" பாய்மரப் படகு எனக்கு ஒரு வசதியான சோதனைக்களம், நீருக்குள் பல உலோகங்கள், சிறிய பரப்பு, ஆண்டுதோறும் கரையேறும் வழக்கம். அதில் கற்றது, உள்ளெந்திரமும் வெண்கல உந்தியும் பூட்டிய எந்த மீன்பிடிப் படகுக்கும் பொருந்தும். உந்தி முறிந்தால் பொழுதுபோக்குப் படகுக்காரருக்கு ஒரு ஞாயிறு போகும். மீனவருக்குப் பிழைப்பு போகும்.

"கடலே இல்லாத பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு உமக்கென்ன இதில் அக்கறை?" இந்தக் கேலிக்கு என் விடை மொட்டைமாடியில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கும் இந்நகரின் கூரைகளில் வரிசை வரிசையாகச் சூரிய நீர்ச்சூடேற்றிகள். கண்ணாடிப்பூச்சிட்ட எஃகுத் தொட்டி உள்ளவை ஒவ்வொன்றின் உள்ளேயும், குளியலறைக் கீசர்களின் உள்ளேயும், ஒரு மெக்னீசியக் கம்பி மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது. பூச்சில் விழுந்த நுண்ணிய வெடிப்புகளில் எஃகு துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். அங்கே துத்தநாகத்தை வைத்திருந்தால் என்ன? 60 பாகை செல்சியஸ் அளவிலான வெந்நீரில், பைகார்பனேட் மிகுந்திருந்தால், துத்தநாகத்துக்கும் எஃகுக்கும் இடையிலான உறவே தலைகீழாகக்கூடும். காக்க வந்தது காக்கப்படுவதாகி, தொட்டி கரையும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் வரும் வீட்டிலும் காவிரிநீர் வரும் வீட்டிலும் அந்தக் கம்பியின் ஆயுள் ஒன்றாக இராது. உங்கள் வீட்டுக் கம்பியைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்துப் பார்த்தீர்கள்? தொட்டி ஒழுகத் தொடங்கிய பிறகு முழுத் தொட்டியையும் மாற்றியிருப்பீர்கள். முகத்துவாரத்துப் பெரியவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

7. தியாகமா, பலியா?

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'தியாக நேர்மின்முனை' என்று நாம் எழுதுகிறோம். தியாகம் என்பது செய்பவர் தாமே மனமுவந்து செய்வது. துத்தநாகம் எதையும் உவந்து செய்யவில்லை. எது கரைய வேண்டும், எது நிலைக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் நாம். ஆகவே அது பலி. 'தியாகம்' என்று சொன்னால் தீர்மானித்தவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். 'பலி' என்று சொன்னால் உடனே கேள்விகள் எழுகின்றன: பலியிட்டவர் யார், எதைக் காக்க, இந்தப் பலி ஏற்கப்பட்டதா, அதன் நஞ்சு எங்கே போனது? இக்கேள்விகள் ஒவ்வொன்றும் அளவீட்டுக்கு உரியவை. கலைச்சொல் ஆக்குவோர் கவனத்துக்கு இதை வைக்கிறேன். 'பலிமுனை' என்பது சுருக்கமாகவும் இருக்கிறது.

ஆய்வு மாணவர்கள் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை வேதியியல் படிக்காமலே அறிவார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

8. என்ன செய்யலாம்?

கோரிக்கைகள் பெரியவை அல்ல.

ஒன்று: பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நம் கரையில், துறைமுகத்துக்கோ முகத்துவாரத்துக்கோ பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியின் வேதியியல் துறையும் ஆண்டுக்குப் பத்துப் படகுகளின் நேர்மின்முனைகளை மாட்டும்போதும் கழற்றும்போதும் எடை பார்க்கட்டும். ஒரு தராசும், நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கையடக்கக் கருவியும், ஒரு வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையும், சாதாரண மல்டிமீட்டரும் போதும். இவை பெரும்பாலான துறைகளின் அலமாரிகளில் ஏற்கனவே தூங்குகின்றன.

இரண்டு: அந்த அளவீடுகளைத் தமிழில், படகுக்காரர் படிக்கும் வடிவில், அந்தந்தத் துறையிலேயே ஒட்டுங்கள். 'இந்த முகத்துவாரத்தில் மழைக்காலத்தில் துத்தநாகம் உறங்குகிறது' என்ற ஒற்றை வரி, தாக்கக் காரணி மிகுந்த ஆய்விதழ்க் கட்டுரையைவிட அங்கே பயன்படும்.

மூன்று: விற்கப்படும் ஒவ்வொரு துண்டின் மேலும் அதன் கலவையைப் பொறிக்க வேண்டும் என்று கேட்போம். அரிசி மூட்டையின் மேல் என்ன அரிசி என்று எழுதியிருக்கும்போது, படகைக் காக்கும் உலோகத்தின் மேல் ஏன் எழுதக் கூடாது?

நான்கு: முனைவர் பட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களிடம். கள எடையிழப்பு அளவீட்டை 'புதுமையற்றது' என்று தள்ளுமுன், அந்த இடத்தில், அந்த நீரில், அந்த உலோகத்துக்கு அதற்கு முன் எவரேனும் அளந்ததுண்டா என்று ஒருமுறை கேளுங்கள். இல்லை என்றால் அதுதான் புதுமை. ஒரு மாணவரின் மூன்றாண்டு உழைப்பு அந்த ஒரு கேள்வியில் நிற்கிறது.

கருத்தரங்கில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு இது என் விடை. மாறுபட்ட கருத்துள்ளவர்கள் கருத்துப்பகுதியில் தாராளமாக எழுதுங்கள், மறுமொழி சொல்கிறேன். கரையோரம் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஒரு படகு கரையேறினால், கழற்றிய துண்டைத் தூக்கி எறியுமுன் அதன் எடை, மாட்டிய நாள், கழற்றிய நாள், நீரின் உப்பளவு இவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பி.கு.: முகத்துவாரத்துப் பெரியவர் இப்போது அலுமினியத் துண்டு மாட்டியிருக்கிறார். "தேயுது தம்பி" என்று சற்றுக் கவலையோடு தொலைபேசியில் சொன்னார். "தேயட்டும் ஐயா" என்றேன்.